மாஸ்க் போட்ட போட்டோ

எழுபது வயதுக்கு மேல் உமக்கு இங்க்ஸ்கேப் எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காசில்லாமல் கிடைக்கிறது; அழைப்பிதழ், நினைவு அட்டை எல்லாம் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ‘மாஸ்க்’.

செய்முறை எளிது. போட்டோவை உள்ளே கொண்டுவரும்போது ‘எம்பெட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். படம் கோப்புக்குள்ளேயே தங்கும். அதன்மேல் ஒரு செவ்வகம் வரைந்து, வெள்ளையிலிருந்து கறுப்புக்குப் படிப்படியாக மாறும் வண்ணம் கொடுங்கள். இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவில் மாஸ்க், பிறகு செட். மேலே இருக்கும் செவ்வகம்தான் முகமூடி. வெள்ளை விழுந்த இடத்தில் போட்டோ முழுதாகத் தெரியும். கறுப்பு விழுந்த இடம் மறையும். சாம்பல் விழுந்த இடம் பனியில் பார்ப்பதுபோல் மங்கும். வேறு நிறம் போட்டாலும் அதன் வெளிச்சத்தைத்தான் கணக்கில் எடுக்கும்: மஞ்சள் நிறையக் காட்டும், நீலம் பெரும்பாலும் மறைத்துவிடும்.

இதை நான் பழகியது அப்பாவின் நூற்றாண்டு அட்டைக்காக. 1968இல் ஸ்டுடியோவில் எடுத்த குடும்பப் போட்டோ ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. அதில் வலது ஓரத்தில் பெரியண்ணன். பிரான்சுக்குப் போனவர், வீட்டுப் பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. “அவரு அட்டையில வேணாம், வெட்டிடுங்க” என்றாள் தங்கை. வழக்குக்காக அதிகம் அலைந்தவள் அவள்தான். எனக்கு வெட்ட மனம் வரவில்லை. அவளோடு வாதாடவும் மனம் வரவில்லை.

‘காஷே’ என்றால் மறைப்பது, ‘எஃபாசே’ என்றால் அழிப்பது என்று பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அலுவலகத்திலும் அதே பாடம்தான். பதிவேட்டில் தவறான பதிவைச் சுரண்டக் கூடாது. அடியில் உள்ளது தெரியும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். மாஸ்க்கும் அந்தக் கோடு மாதிரிதான். அதே மெனுவில் ‘ரிலீஸ்’ கொடுத்தால் செவ்வகம் தனியாக வந்துவிடும், போட்டோ பழையபடி நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆதார் எண் போன்றவற்றை இப்படி மறைத்துவிட்டு, மூலக் கோப்பையே பிறருக்கு அனுப்பாதீர்கள். வாங்கியவர் ரிலீஸ் செய்தால் எல்லாம் தெரிந்துவிடும். பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்து, அதை மட்டும் அனுப்புங்கள்.

அட்டை தங்கை சொன்னபடியே அச்சாகி வந்தது. வலது ஓரம் மெல்ல மங்கி வெறுமையாகிறது. பார்த்தவர்கள் அழகு என்றார்கள். மாதம் ஒன்று கழிந்திருக்கும். காபி குடித்துக்கொண்டே, “அண்ணா, பெரியண்ணன் அந்தக் கோப்புல இன்னும் இருக்காரா?” என்று கேட்டாள்.

“இருக்காரும்மா.”

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. கோப்பை இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.