ரிச்சி தெருவில் ஒரு தீபாவளி போனஸ்!

பட்டுப் புடவைக்கு தி.நகர், இரும்புச் சாமானுக்கு பாரிமுனை, வண்டி உதிரி பாகத்துக்குப் புதுப்பேட்டை என்று ஒவ்வொரு சென்னைவாசியும் மனசுக்குள் ஒரு மேப் வைத்திருப்பான். அந்த மேப்பில், ஒயர் முளைத்த எந்தப் பொருளுக்கும் ஒரே விலாசம்தான்... ரிச்சி தெரு!

அண்ணா சாலையில், அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம். பெயர்தான் தெருவே தவிர, அது ஒற்றைத் தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு, வாலர்ஸ் ரோடு என்று சுற்றியிருக்கிற சந்து பொந்தெல்லாம் சேர்த்துத்தான் ஜனங்கள் 'ரிச்சி தெரு' என்கிறார்கள். ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸில் பேரெடுத்து, டி.வி., டேப் ரிக்கார்டர், கம்ப்யூட்டர், செல்போன் என்று காலத்துக்குத் தகுந்தாற்போல் போர்டை மாற்றிக்கொண்டே வந்த ஏரியா. பக்கத்து மீரான் சாகிப் தெரு, சினிமா விநியோகஸ்தர்களின் ஆபீஸ்களுக்குப் பெயர் போனது. படப்பெட்டி ஏற்றி அனுப்பிய தெருவுக்குப் பக்கத்திலேயே, பெட்டிக்குள் படம் காட்டுகிற கார்டு விற்கிறார்கள். பொருத்தம்தான்!

2025 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை. சட்டைப் பையில் போனஸ் 30,000 ரூபாய். மனசில் ஒரே கேள்வி: வீட்டில் இருக்கிற கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு போடுவதா, வேண்டாமா?

'கல்யாண வயசில் இதெல்லாம் ஒரு கேள்வியா?' என்று அம்மா கேட்டாள். நியாயமான கேள்விதான். அதனால் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மாயவரத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் இப்போது சிங்கப்பூரில், ஷிப்யார்டில் வேலை. ஒரு ரூமில் அஞ்சு பேர். சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு (அவனுக்குப் பன்னிரண்டரை) இரண்டு பேரும் ஆன்லைனில் சேர்ந்து கேம் ஆடுவோம். ஆடுகிறோம் என்று பெயர். பாதி நேரம் அவன் மெஸ் சாப்பாட்டைத் திட்டுவான், நான் மேனேஜரைத் திட்டுவேன். நடுவில் யாராவது எங்களைச் சுட்டுவிட்டுப் போவார்கள். போனில் பேசினால் 'நல்லா இருக்கியா', 'ம்', 'சாப்ட்டியா', 'ம்' என்று இரண்டே நிமிஷத்தில் முடிந்துவிடும். கையில் துப்பாக்கி இருந்தால்தான் எங்களுக்குப் பேச்சு வருகிறது!

அந்த மாசம் 'பேட்டில்ஃபீல்டு 6' வந்தது. அவன் கூட்டாளிகள் எல்லாம் அதற்குத் தாவிவிட்டார்கள். "மாப்ளே, நீயும் வந்துடு. இல்லேன்னா சனிக்கிழமை உனக்கு ஒரு கேம், அவனுங்களுக்கு ஒரு கேம்னு என்னால ஓட்ட முடியாதுடா" என்றான். அந்த கேமுக்குக் குறைந்தபட்சத் தேவை ஆர்.டி.எக்ஸ். 2060. என்னிடம் இருந்ததோ ஜி.டி.எக்ஸ். 1060, 6 ஜி.பி. 2016-ல் வெளிவந்த மாடல். நான் 2018-ல் வாங்கியது. தள்ளுவண்டி மாதிரி தள்ளித் தள்ளி ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கார்டு வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொள்வதாக என்விடியா சொல்லிவிட்டது. இனிமேல் பாதுகாப்பு அப்டேட் மட்டும், அதுவும் 2028 அக்டோபர் வரைதான். ரிட்டயர் ஆனவருக்கு பென்ஷன் மாதிரி!

தெருவுக்குள் நுழைந்ததும், "என்ன சார் வேணும்? சி.சி. டி.வி.யா, லேப்டாப்பா, சார்ஜரா?" என்று நாலு பக்கமும் குரல். தலையில் அட்டைப் பெட்டியோடு ஒருவர் 'வழி... வழி...' என்று நம் முதுகை நகர்த்திவிட்டுப் போகிறார். மேலே பார்த்தால் வானம் தெரியவில்லை. போர்டும் ஒயரும்தான் தெரிகிறது. தீபாவளிக் கூட்டம் வேறு.

முதல் கடை. கண்ணாடிக் கதவு, ஏ.ஸி., ஏழு கலரில் மின்னும் ஃபேன்கள். என் தங்கையின் கல்யாண மண்டபத்தில்கூட இவ்வளவு சீரியல் லைட் கிடையாது. என்னைவிடப் பத்து வயசு சின்னப் பையன் ஒருத்தன், "பிரதர், ஆர்.டி.எக்ஸ். 5060 எடுத்துக்குங்க. இந்த வருஷம் மே மாசம் வந்த மாடல். அஞ்சு வருஷத்துக்குத் திரும்பிப் பார்க்க வேணாம்" என்றான். விலை 31,500. போனஸைவிட ஆயிரத்து ஐந்நூறுதான் அதிகம். மனசு உடனே சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிட்டது. மனசுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது பாருங்கள்!

பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குழந்தை மாதிரி கனம். திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. "ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன் தம்பி" என்றேன். ரிச்சி தெருவில் அந்த வாக்கியத்தை யாரும் நம்புவதில்லை.

அடுத்தது மாடியில் ஒரு செகண்ட்ஹேண்ட் கடை. செங்குத்தான படி, ஏறுகிறவர் இறங்குகிறவரைக் கட்டிப்பிடித்துத்தான் தாண்ட வேண்டும். மேலே கார்டுகளைப் பழைய பேப்பர் கட்டு மாதிரி அடுக்கியிருந்தார்கள். 2021-ல் கிரிப்டோ நாணயம் 'தோண்டுவதற்காக' உலகம் பூராவும் கார்டுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். நமக்கெல்லாம் ஒன்று வாங்க வழியில்லை. 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. அந்த நாணயத்துக்குக் கார்டு தேவையில்லாமல் போயிற்று. ராப்பகலாக உழைத்த கார்டுகள் துடைத்து, பவுடர் போட்டு, மார்க்கெட்டுக்கு வந்தன.

செகண்ட்ஹேண்டில் வாங்குவது தப்பே இல்லை. பார்த்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்க்ரூ தலையில் கீறல் இருந்தால் யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். ஃபேனை விரலால் லேசாகச் சுற்றிப் பாருங்கள்; ஆடினால் ஆயுள் கம்மி. மானிட்டர் செருகும் பக்கத்துத் தகட்டில் துரு இருக்கிறதா பாருங்கள். கடையிலேயே மாட்டி, கனமாக எதையாவது ஒரு பத்து நிமிஷம் ஓட்டச் சொல்லுங்கள். இன்னொன்று: வேறொரு பழைய சில்லை வைத்து, பயாஸை மாற்றி, '1060' என்று ஸ்டிக்கர் ஒட்டின கார்டுகள் பல நாடுகளில் விற்றிருக்கின்றன. 'ஜி.பி.யு.-இசட்' என்கிற இலவச சாஃப்ட்வேர், தனக்குப் பிடிபட்ட டூப்ளிகேட்டின் பெயருக்கு முன்னாலேயே 'ஃபேக்' என்று போட்டுவிடும். மனுஷர்களுக்கும் இப்படி ஒரு சாஃப்ட்வேர் இருந்தால் பெண் பார்க்கப் போகும்போது சௌகரியம்!

"வாரண்டி எவ்வளவு நாள்?" என்றேன். "தெருவைத் தாண்டற வரைக்கும் அண்ணா" என்று சிரித்தான் பையன். அவன் ஜோக் அடித்தானா, நிஜம் சொன்னானா என்று தெரியவில்லை. இறங்கிவிட்டேன்.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை. ஆறடிக்கு நாலடி இருக்கும். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பெரியவர் ஒருவர் ஒரு மதர்போர்டைச் சால்டர் செய்துகொண்டிருந்தார். வாசனையே தனி. என் பழைய கார்டுக்கு தெர்மல் பேஸ்ட் மாற்ற எவ்வளவு என்று கேட்டேன். "முந்நூறு" என்றவர், தலையைத் தூக்காமலே கேட்டார்: "மாத்திட்டு வச்சுக்கப் போறீங்களா, புதுசு வாங்கப் போறீங்களா தம்பி?"

அதுதான் தெரியவில்லை என்றேன். சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தார்.

"மானிட்டர் என்ன?"

"ஃபுல் எச்.டி., 60 ஹெர்ட்ஸ்."

"அப்ப செகண்டுக்கு அறுபது படம்தான் காட்டும். கார்டு நூத்தி இருபது போட்டாலும் மீதி வீண். மாஸ்டர் நூத்தி இருபது தோசை ஊத்துவாரு, சர்வர் அறுபதுதான் தூக்கிட்டு வருவாரு. புரியுதா? எஸ்.எம்.பி.எஸ். எவ்ளோ வாட்ஸ்?"

"450."

"5060-க்கு 550 போடச் சொல்லுவான். நல்லதா வாங்கினா அது ஒரு அஞ்சாயிரம். பிராசஸர்?"

"ஐ-5, 8400."

"பழைய போர்டு, பி.சி.ஐ. 3. அந்தக் கார்டுல எட்டு லேன்தான். புது போர்டுல முழு வேகம் போகும். உங்க போர்டுல கொஞ்சம் மூச்சு வாங்கும். அந்த பிராசஸரும் ஓரளவுக்கு மேல ஈடு கொடுக்காது. சரி, எதுக்காக மாத்தறீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வியை அதுவரை ஒரு கடையிலும் யாரும் கேட்கவில்லை. நண்பன் விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் சிரிக்கவில்லை. "எம் பையன் துபாயில இருக்கான். வாரத்துல ஒரு தடவை செஸ் ஆடுவோம், போன்ல. தோத்தா போனை வச்சுடுவான்" என்றார்.

டீ ஒன்று சொல்லிவிட்டு, கடை வாசலிலேயே நின்று கணக்குப் போட்டேன். 5060-ம் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சேர்ந்தால் 36,500. அதற்குத் தகுந்த பிராசஸர், போர்டு, மானிட்டர் என்று போனால், கார்டு வாங்க வந்தவன் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு போவேன். இன்டெல்லின் பி-580 கார்டில் 12 ஜி.பி. மெமரி இருக்கிறது, ஆசைதான். ஆனால் அது 'ரீசைசபிள் பார்' வசதியுள்ள போர்டில்தான் ஒழுங்காக ஓடும். என் போர்டு வயசானது. மிச்சம் இருந்தது ஏ.எம்.டி. ஆர்.எக்ஸ். 6600. 2021 மாடல், 8 ஜி.பி. மெமரி, 132 வாட்ஸ். அதற்கு 450 வாட்ஸே போதும் என்று கம்பெனியே சொல்கிறது. இதுவும் எட்டு லேன்தான். என் போர்டில் கொஞ்சம் வேகம் குறையும். குறைந்தாலும் என் மானிட்டரின் அறுபது தோசைக்கு இது போதும். பேட்டில்ஃபீல்டு கம்பெனி சொன்ன குறைந்தபட்சத்துக்கு மேலே, சிபாரிசுக்குக் கீழே. அதாவது, முதல் கிளாஸும் இல்லை, ஃபெயிலும் இல்லை. என் மார்க் ஷீட் மாதிரியேதான்!

சிங்கப்பூருக்கு மெசேஜ் போட்டேன். 'மாப்ளே, கொஞ்சம் சுமாரான கார்டுதான். எல்லா செட்டிங்கும் ஹைல வைக்க முடியாது.'

உடனே பதில்: 'நீ லோவுல ஆடினாலும் சாவப் போறே, ஹைல ஆடினாலும் சாவப் போறே. வாடா!'

வாங்கிவிட்டேன். பில்லோடு 20,800. 'பில் இல்லாம ஆயிரம் குறைச்சுக்கலாம்' என்றார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்க முடியாது, வேண்டாம் என்றேன். என் 1060-ஐ அந்த மாடிக் கடைப் பையனே 3,500-க்கு எடுத்துக்கொண்டான். அவனும் ஸ்க்ரூவைத்தான் முதலில் பார்த்தான்!

நீங்களும் இந்த யோசனையில் இருந்தால் ஒரு வார்த்தை. 'எது பெஸ்ட் கார்டு?' என்று கேட்டுக்கொண்டு ரிச்சி தெருவுக்குள் போகாதீர்கள். அதற்குப் பதில் பட்ஜெட்டைத் தாண்டித்தான் வரும். வீட்டிலேயே மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸ், எஸ்.எம்.பி.எஸ். எத்தனை வாட்ஸ், கேபினெட்டுக்குள் கார்டுக்கு எத்தனை அங்குல இடம். நாலாவதாக, யாருக்காக, எதற்காக என்று எழுதுங்கள். நீங்கள் ஆடுகிற கேம் இருக்கிற கார்டிலேயே நன்றாக ஓடுகிறது என்றால், முந்நூறு ரூபாய் பேஸ்ட்டோடு திரும்பி வருவதுதான் புத்திசாலித்தனம். விலையையும் அன்றன்றைக்கு விசாரியுங்கள். 2025 கடைசியில் மெமரி சில் விலை ஏறினதில், போன மாச விலையை நம்பிப் போகிற காலம் போய்விட்டது.

கேமுக்கு ஒரு நாலாயிரம் போக, போனஸில் 8,700 மிச்சம். அதைத் தனியாக எடுத்து வைத்தேன். நண்பன் பொங்கல் லீவுக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடி வரைக்கும் வண்டியில் போய், கடற்கரையில் உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அங்கே எந்த செட்டிங்கும் தேவையில்லை. என்ன, கையில் துப்பாக்கி இல்லாமல் எங்களுக்குப் பேச்சு வருமா என்பதுதான் சந்தேகம்!