செய்திக்கு முன்னால் ஒரு சங்கு

ஒரு சின்ன பரீட்சை. போன வாரம் வியாழக்கிழமை ராத்திரி டி.வி. செய்தியில் முதல் தலைப்புச் செய்தி என்ன?

தெரியாது. எனக்கும்தான் தெரியாது. சரி, சின்ன வயசில் உங்கள் வீட்டு டி.வி.யில் செய்தி ஆரம்பிக்கும்போது ஒரு மியூசிக் வருமே, அது? கேட்ட மாத்திரத்தில் வாய் ‘டொய்ங்… டொட்டொய்ங்…’ என்று முணுமுணுக்கிறதா இல்லையா? கொஞ்சம் மெதுவாக சார், பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கிறார்!

செய்தி மறந்துபோகிறது, செய்திக்கு முன்னால் வந்த அரை நிமிஷ மியூசிக் மறக்கமாட்டேன் என்கிறது. நான் பி.காம். படித்தவன். மொத்த வரவில் இப்படி ஒரு கணக்கு இடித்தால் விடமாட்டேன். எங்கே இடிக்கிறது என்று தேடிக்கொண்டு போனதில், கடைசியில் எங்கள் தூத்துக்குடி வீட்டு அடுப்படியில் போய் நின்றேன்.

அப்பாவுக்குத் தோணியில் வேலை. தோணி என்றால் ஆற்றைக் கடக்கிற படகு என்று நினைத்துவிடாதீர்கள். தூத்துக்குடித் தோணி பெரிய மரக்கப்பல். சரக்கு ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வரும். அப்பா அதில் மாலுமி. போனால் எப்போது திரும்புவார் என்பது காற்றுக்கும் கடலுக்கும் தோணி முதலாளிக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

எங்கள் வீட்டில் அப்போது டி.வி. கிடையாது. தெருவில் மாடி வீட்டு அண்ணாச்சி வீட்டில் இருந்தது. ஷட்டர் வைத்த கறுப்பு-வெள்ளை சாலிடேர். மொட்டை மாடியில் தென்னை மர உயரத்துக்கு ஆன்டெனா. அதை வடமேற்கே திருப்பினால் கொடைக்கானல் டவர், அதாவது தூர்தர்ஷன். தென்கிழக்கே திருப்பினால் இலங்கை ரூபவாஹினி! 1982 பிப்ரவரியில் ஜப்பான்காரர்கள் உதவியோடு அங்கே ரூபவாஹினி ஆரம்பித்ததிலிருந்து, மன்னார் வளைகுடாவைத் தாண்டி அது எங்கள் ஊர் மொட்டை மாடிகளில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்கவில்லை. சிங்களச் செய்தியை நாங்கள் பக்தியோடு பார்த்திருக்கிறோம். ஒரு வார்த்தை விளங்காது. மியூசிக் மட்டும் நன்றாக விளங்கும். ‘செய்தி வருது, உக்காரு’ என்று எல்லா பாஷையிலும் அது ஒரே மாதிரிதான் சொல்கிறது.

சாயங்காலம் தமிழ்ச் செய்தி மியூசிக் கேட்டதும் அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி அண்ணாச்சி வீட்டு வாசல்படிக்கு வந்துவிடுவாள். உள்ளே வந்து உட்காரமாட்டாள். பிரதமர் பேசினார், அமைச்சர் திறந்துவைத்தார் எதுவும் அவளுக்கு வேண்டாம். கடைசியில் வருகிற வானிலை மட்டும்தான். ‘வங்கக் கடலில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வு நிலை’ என்று வராமல் இருந்துவிட்டால் போதும். முதல் டொய்ங்கில் பிடித்த மூச்சை, செய்தி முடிந்து வரும் கடைசி டொய்ங்கில்தான் விடுவாள். அப்புறம் போய் குழம்பைக் கிண்டுவாள். எங்கள் வீட்டுக் குழம்பு பல நாள் அடிப்பிடித்ததற்கு தூர்தர்ஷனும் ஒரு காரணம்.

இந்தியாவில் டி.வி. ஆரம்பித்தது 1959 செப்டம்பர் 15, டெல்லியில். சென்னைக்கு வந்தது 1975 ஆகஸ்ட் 15. அடுத்த வருஷம், 1976 ஏப்ரல் 1-ம் தேதி, தூர்தர்ஷன் வானொலியிலிருந்து தனிக்குடித்தனம் போனது. அப்போது வந்ததுதான் அந்தச் சுழலும் கண்ணும், அதோடு வரும் இசையும். ஷெனாய் வித்வான் உஸ்தாத் அலி அகமது உசேன் கானும் பண்டிட் ரவிசங்கரும் சேர்ந்து அமைத்தது. தனித்தனியாகக் கிடக்கிற கோடுகள் சுற்றிச் சுற்றி வந்து ஒரு கண்ணாகச் சேருமே, அதைப் பார்த்து தலைசுற்றி விழுந்த குழந்தைகள் எங்கள் தெருவில் உண்டு. நான் உட்பட.

வானொலியின் கதை இன்னும் பழசு. விடியற்காலையில் ஆகாசவாணி நிலையம் திறக்கும்போது தம்பூரா சுருதியும் வயலினுமாக ஒரு மெட்டு வரும். அதைப் போட்டவர் டெல்லிக்காரரோ தஞ்சாவூர்க்காரரோ இல்லை. வால்டர் காஃப்மன் என்கிற யூதர். இன்றைய செக் நாட்டில் இருக்கும் கார்ல்ஸ்பாடில் 1907-ல் பிறந்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறுவருஷம், 1934-ல் பம்பாய்க்கு வந்து இறங்கினார். பாஷை தெரியாது, சங்கீதம் புதுசு. ஆனாலும் பம்பாய் வானொலியில் இசைப் பிரிவையே நடத்துகிற அளவுக்கு வந்தார். அவர் போட்ட மெட்டு சிவரஞ்சனி ராகத்தை ஒட்டியது என்பார்கள். சொந்த ஊரில் இருக்க முடியாமல் வந்த மனுஷன் போட்ட மெட்டில்தான் ஒரு தேசம் பல வருஷமாகக் கண்விழித்தது.

வெளியூர்க் கதைகளும் சுவாரஸ்யம்தான். லண்டனில் 1967-ல் ஐ.டி.என். ‘நியூஸ் அட் டென்’ ஆரம்பித்தபோது மியூசிக்கோடு பிக் பென் மணியையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு ‘டாங்’, ஒரு தலைப்புச் செய்தி. இன்னொரு ‘டாங்’, இன்னொரு தலைப்புச் செய்தி. பி.பி.சி.யில் 1999-ல் டேவிட் லோ போட்ட செய்தி இசையில், வானொலியில் மணி சொல்ல வரும் ‘பீப்… பீப்…’ சத்தத்தையே தாளமாக்கிவிட்டார். அமெரிக்காவில் என்.பி.சி.காரர்கள் 1985-ல் ஜான் வில்லியம்ஸிடம் போனார்கள். யார் என்று தெரிகிறதா? ‘ஜாஸ்’ படத்தில் சுறா வருவதற்கு முன்னால் ‘டுன்… டுன்… டுன் டுன்’ என்று வயிற்றைக் கலக்கினாரே, அவரேதான்! கடலோரத்துக்காரன் என்கிற முறையில் சொல்கிறேன், செய்திக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

கவனித்தீர்களா? லண்டனில் கோபுர மணி, பி.பி.சி.யில் நேரம் காட்டும் பீப். செய்தி மியூசிக் என்பது பாட்டு வம்சம் இல்லை, கடிகார வம்சம். ‘இதோ பார், மணி ஆகிவிட்டது, கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வா’ என்று கூப்பிடுவதுதான் அதன் வேலை. எங்கள் ஊர் பாஷையில் சொன்னால், சங்கு!

மில் சங்கு ஊதினால் ஷிஃப்ட் என்று ஊருக்கே தெரியும். அதோடு நிஜச் சங்குக்கும் தூத்துக்குடிதான் ஊர். தாத்தா சங்கு குளித்தவர். முத்துக்குளிப்பு 1961-ம் வருஷத்தோடு நின்றுபோனது. சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்தது. அவர் மூச்சடக்கி எடுத்த சங்கெல்லாம் கல்கத்தா பக்கம் போய் வளையலாகி வங்காளப் பெண்கள் கையில் ஏறியிருக்கும். அண்ணாச்சி வீட்டு டி.வி.யில் செய்தி ஆரம்பிக்கும்போது திண்ணையில் இருந்தபடி தாத்தா சொல்வார்:

“சங்கு ஊதிட்டான். வாய் இனிமேத்தான் பேசும். சங்கு கூப்பிடுததுக்குலே… சேதி சொல்லுததுக்கு வாய் இருக்கு.”

அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

1992 நவம்பர். நான் ஒண்ணாங் கிளாஸ். அப்பா தோணி ஏறி நாலைந்து நாள் ஆகியிருந்தது, கொழும்புக்கு. பன்னிரண்டாம் தேதி சாயங்காலம் டொய்ங் கேட்டு அம்மா வாசல்படிக்கு வந்தாள். கடைசியில் வானிலை வந்தது. அன்றைக்கு வானிலையில் புயல் இருந்தது. செய்தி முடிந்து கடைசி டொய்ங்கும் வந்தது. அம்மா மூச்சை விட்ட மாதிரி தெரியவில்லை.

மறுநாள், 13-ம் தேதி வெள்ளிக்கிழமை, இலங்கையைத் தாண்டி வந்த புயல் தூத்துக்குடி பக்கத்திலேயே கரையேறியது. ஓடு பறந்தது, மரம் சாய்ந்தது. மாடி வீட்டு ஆன்டெனா கொடைக்கானலும் வேண்டாம் கொழும்பும் வேண்டாம் என்று நேரே தரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது.

சாயங்காலம் செய்தி நேரம் வந்தது. டொய்ங் வரவில்லை.

மியூசிக் வராத சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் கேட்டேன். கெட்ட சேதி வந்தால்கூட அழலாம். கூப்பிடவே ஆள் இல்லை என்றால் என்ன செய்வது? அம்மா ராத்திரி முழுக்க ஜெபமாலையும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தாத்தா தலைமாட்டில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு முள்ளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொர்ர்… என்றது.

விடியற்காலை ஆறு மணி இருக்கும். கொர்ருக்கு நடுவே மெல்லிசாக அந்தத் தம்பூரா, அந்த வயலின். எந்த நிலையமோ தெரியாது. தாத்தா அப்படியே அசையாமல் இருந்தார். முள்ளைத் தொட்டால் ஓடிவிடும் என்கிற பயம். அம்மா எழுந்து வந்து டிரான்சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்னும் ஒரு செய்தியும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் மெட்டுதான்! உலகம் இன்னும் இருக்கிறது, காலையில் வழக்கம்போல் ஆபீஸைத் திறந்திருக்கிறார்கள் என்று அந்த மெட்டு சொன்னதே, அதற்குத்தான் அழுதாள்.

ஏழே காலுக்குச் செய்தி. தூத்துக்குடி அருகே புயல் கரையைக் கடந்தது என்றார்கள். “அது எங்களுக்கும் தெரியும்லா!” என்றார் தாத்தா. நாலாம் நாள் தோணி முதலாளி ஆபீஸிலிருந்து ஆள் வந்து, தோணி கொழும்புத் துறைமுகத்துக்குள்ளேயே பத்திரமாகக் கட்டிக் கிடக்கிறது என்று சொன்னான். அதற்கு எந்த மியூசிக்கும் வாசிக்கப்படவில்லை.

அடுத்த வருஷம், 1993 ஏப்ரல் 14, சன் டி.வி. வந்தது. கேபிள்காரர் தெருவெல்லாம் ஒயர் கட்டினார். ஆன்டெனாக்கள் இரும்புக் கடைக்குப் போயின. பிறகு 24 மணி நேரச் செய்தி சேனல்கள். கூடவே மேளமும் 24 மணி நேரம்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நான் சென்னையில். அப்பாவும் அம்மாவும் ஊரில். தென்மாவட்டங்களில் மழை கொட்ட ஆரம்பித்தது. எங்கள் ஊருக்குத் தெற்கே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர்! எங்கள் பக்கம் ஒரு வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு பெய்யாது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. தூத்துக்குடிக்கு ரோடு இல்லை, ரயில் இல்லை, கரண்ட் இல்லை. செல்போனில் அந்தப் பெண்குரல், ‘தொடர்பு எல்லைக்கு அப்பால்’.

டி.வி.யைப் போட்டேன். டும் டும் டும்! ‘சற்றுமுன்’. ஒரு பாலம், அதன் மேல் தண்ணீர். டும் டும் டும்! மறுபடி ‘சற்றுமுன்’. அதே பாலம், அதே தண்ணீர். பி.காம். புத்தி சும்மா இருக்குமா? எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் 27 தடவை மேளம். புதுச் செய்தி நாலு. மீதி 23 தடவை ஒவ்வொன்றுக்கும் என் நெஞ்சு தூக்கிப் போட்டதுதான் மிச்சம். நான் தேடிய தெரு ஒரு தடவைகூட வரவில்லை. இரண்டு நாள் அணைக்கவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. அம்மாவுக்காவது மூச்சைப் பிடிக்க ஒரு டொய்ங், விட ஒரு டொய்ங் இருந்தது. எனக்குப் பிடிக்க மட்டும்தான் இருந்தது. விடச்சொல்லி யாரும் வாசிக்கவில்லை.

அப்போதுதான் தாத்தா சொன்னது விளங்கியது. சங்கு கூப்பிடத்தான். கூப்பிட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க ஊதினால் அது சங்கு இல்லை, இரைச்சல். சொல்ல விஷயம் இல்லாத நேரத்துக்கெல்லாம் மேளம் சம்பளம் வாங்குகிறது. டி.வி.காரர்களை மட்டும் சொல்வானேன்? பாக்கெட்டில் இருக்கிற போன் ‘டிங்’ என்றதும் மானேஜர் பேசிக்கொண்டிருக்கும்போதே பார்க்கிறோமே, நாமும்தான்.

நாலாம் நாள் காலை போன் வந்தது. அப்பா.

“ஏலே, டி.வி.யில நம்ம ஊரைக் காட்டுனானா?”

“நாள் பூரா காட்டுனாங்கப்பா! நீங்க எப்படி இருக்கீங்க? தண்ணி உள்ள வந்திச்சா?”

“முட்டளவு வந்துது, வடிஞ்சிட்டு. மாடி வீட்டுலதான் இருந்தோம். கரண்ட் இல்ல, டி.வி. பாக்கல. அதனால பெருசா பயம் ஒண்ணும் தெரியல.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அம்மா போனை வாங்கினாள். என் குரலைவிட என் பின்னால் கேட்ட சத்தம்தான் அவளுக்கு முதலில் பிடிபட்டது.

“என்ன மக்கா அங்க கொட்டு சத்தம்? செய்தியா?”

“ஆமாம்மா.”

“இன்னும் முடியலையா?”

“இது முடியாதும்மா. நாள் பூரா ஓடும்.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சொன்னாள்.

“அப்ப நீ அமத்திட்டு சாப்பிடு.”