28 வாரம்னா எத்தனை மாசம்?

போன ஞாயித்துக்கிழமை சென்னையிலிருந்து மகள் போன் பண்ணினாள். "அப்பா, 28 வாரம் முடிஞ்சுது. எல்லாம் நல்லா இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாங்க." ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அம்மாவுக்கும் கேட்டுவிட்டது.

"வாரக் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. எத்தனை மாசம்னு சொல்லு."

பக்கத்தில் இருந்த மாப்பிள்ளை, "நாலு வாரம் ஒரு மாசம். ஏழு முடிஞ்சுது பாட்டி" என்றார். அவ்வளவுதான், அம்மா முகம் மாறிவிட்டது. ஏழு முடிந்தால் நடப்பது எட்டு. எங்கள் வீட்டில் வளைகாப்பு ஒற்றைப்படை மாசத்தில்தான் வைப்போம். சொந்தபந்தத்துக்கெல்லாம் தேதி சொல்லியாச்சு. திட்டு எனக்கு.

காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 28 வாரம்னா 196 நாள். சரியா நாலு வாரம் வருவது பிப்ரவரி மட்டும்தான், மத்த மாசமெல்லாம் 30, 31. தமிழ் மாசம் இன்னும் கோணல். ஆனி 32 நாள்கூட வரும், மார்கழி 29லேயே முடியும். வருஷத்துக்கு 52 வாரம், 12 மாசம். வகுத்தால் ஒரு மாசத்துக்கு நாலே கால் வாரத்துக்கும் கொஞ்சம் மேலே. அந்தக் கணக்கில் 196 நாள் என்பது ஆறு மாசமும் ஒரு பதிமூணு நாளும். நடப்பது ஏழுதான்!

அம்மா லேசில் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருக்கிறது. என் கணக்கை நம்பி அவள் ஒருமுறை பட்டிருக்கிறாள்.

நாங்கள் வாங்கிய முதல் கலப்பின மாடு. ஜனவரி 10ஆம் தேதி சினை ஊசி போட்டது. பத்து மாசம் சுமக்கணும் என்று நவம்பர் 10ஐ மனசில் வைத்துக்கொண்டேன். மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். எண்ணிப் பார்த்திருந்தால் அக்டோபர் 17 என்று தெரிந்திருக்கும். மடி விட்டிருந்ததைப் பார்த்தும், 'இன்னும் நாள் கிடக்கு' என்று ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போய்விட்டேன். ராத்திரி அம்மா தனியாக. கன்னுக்குட்டிக்கு முன்னங்கால் மடங்கி மாட்டிக்கொண்டது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடி ஆள் கூட்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கிடேரிக் கன்னு. அன்றிலிருந்து கொட்டகைச் சுவரில் ஊசி போட்ட தேதியையும் 280ஆவது நாளையும் கரிக்கட்டியால் எழுதி வைக்கிறேன்.

"அப்போ பத்து மாசம்னு பெரியவங்க சொன்னது பொய்யாடா?" என்றாள் அம்மா.

பொய்யில்லை. மாசத்துக்கு 28 நாள் வைத்தால் பத்து மாசம் சரியா 280தான். டாக்டர் சொல்லும் 40 வாரமும் அதே 280. ஒன்று மட்டும் வித்தியாசம். மாட்டுக்கு ஊசி போட்ட நாளிலிருந்து எண்ணுகிறோம். மனுஷிக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் வயிற்றில் இருக்கிற பிள்ளை அந்தக் கணக்கைவிட ரெண்டு வாரம் இளசு. இதைச் சொன்னதும் அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள், பேச்சை மாற்றிவிட்டேன்.

"சரி, இன்னும் மூணு மாசம்."

"12 வாரம்மா. 84 நாள்."

"அதையும் சுவத்துல எழுதுடா" என்றாள்.