கூடாரம் கழற்றிய பிறகு

எங்கள் வீட்டில் 'முகாம்' என்ற சொல்லுக்கு ஒரு பொருள்தான் உண்டு. 2009ஆம் ஆண்டு அம்மாவும் அக்காவும் நானும் செட்டிகுளத்தில் இருந்த தறப்பாள் கூடாரம்தான் அது. தற்காலிகம் என்று சொன்னார்கள். ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். அண்ணா எங்களோடு வந்து சேரவில்லை. 2012இல் அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் அம்மா இன்றும் "முகாமுக்கு முந்தி", "முகாமுக்குப் பிறகு" என்றுதான் காலத்தைக் கணக்குப் பார்ப்பார்.

அண்மையில் அக்காவின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குச் சென்று மூன்று மாதம் தங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு பின்னேரம் அத்தான் நகருக்குக் கிழக்கே மலையடிவாரத்தில் உள்ள கிறீன்மவுண்ட் என்ற இடத்துக்கு என்னைக் கூட்டிச் சென்றார். அங்கே ஒரு குன்றும் அதில் ஒரு நினைவிடமும் இருந்தன. "இதுவும் ஒரு காலத்திலை முகாம்தான்" என்றார். சமூகவியல் படித்தவள் என்பதாலோ, முகாமில் இருந்தவள் என்பதாலோ தெரியவில்லை, அன்றிரவே அதன் வரலாற்றைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

அந்த இடத்தின் பெயர் பிளக்போய் ஹில். கரிய தண்டும் உச்சியில் புற்கற்றையும் கொண்ட ஒரு தாவரத்துக்கு வெள்ளைக் குடியேறிகள் 'கறுப்புப் பையன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த மண்ணின் பூர்வீகக் குடிகளான நூங்கார் மக்கள் அதனைப் 'பல்கா' என்பார்கள். பூர்வீகக் குடிகளை இழிவுபடுத்தும் பெயர் என்பதால் தாவரத்தை இப்போது அப்படி அழைப்பது குறைந்துவிட்டது. முகாமின் வரலாற்றில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

1914 ஆகஸ்டில் முதலாம் உலக யுத்தம் தொடங்கியதும், மேற்கு அவுஸ்திரேலியாவில் படையில் சேர வந்தவர்களை ஒன்றுதிரட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. அந்த மாதமே இங்கே வெள்ளைக் கூடாரங்கள் எழுந்தன. நேற்றுவரை பண்ணையிலும் தங்கச் சுரங்கத்திலும் கடைகளிலும் வேலை செய்தவர்கள் அணிவகுக்கவும் துப்பாக்கி பிடிக்கவும் பழகினார்கள். யுத்தம் முடிவதற்குள் சுமார் 32,000 பேர் இந்த முகாமில் பயிற்சி பெற்றுச் சென்றார்கள்.

இங்கே உருவான 11ஆவது பட்டாலியன் 1914 நவம்பர் தொடக்கத்தில் கப்பலேறியது. அந்தக் கப்பல் தொடரணி நவம்பர் 15ஆம் திகதி எங்கள் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து, பின் எகிப்துக்குப் போனது. 1915 ஜனவரி 10ஆம் திகதி கெய்ரோவுக்கு அருகே பெரிய பிரமிட்டின் கற்படிகளில் ஏறி நின்று அவர்கள் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள். அதில் 703 பேர் இருக்கிறார்கள். மூன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 25 விடியற்காலையில், துருக்கியின் கலிப்பொலிக் கரையில் முதலில் இறங்கியவர்களுள் அவர்களும் இருந்தார்கள். பலர் திரும்பவில்லை.

யுத்தம் முடிந்தும் முகாம் முடியவில்லை. 1919இல் பெரும் இன்புளுவென்சாத் தொற்றுநோய் வந்தபோது நோயாளரை அங்கே வைத்துப் பராமரித்தார்கள். 1930களின் பொருளாதார நெருக்கடியில் வேலையில்லாத ஆண்களை அங்கே தங்கவைத்தார்கள். தற்காலிகமாக அமைத்த ஓர் இடம் எப்படி ஒவ்வொரு இடருக்கும் கைக்கெட்டிய இடமாகிவிடுகிறது என்பது எங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடம் முகாமானதும் முகாம் பள்ளிக்கூடமானதும் நாங்கள் கண்டதுதானே.

இதையெல்லாம் வாசிக்கும்போது என் மனம் ஒரு கேள்வியிலேயே நின்றது. அந்த 32,000 பேருக்கும் தாய்மார் இருந்திருப்பார்களே, அவர்கள் எங்கே? கலிப்பொலியில் லோன் பைன் என்ற இடத்தில் உள்ள நினைவுச் சின்னத்தில், கல்லறை எதுவென்று அறியப்படாத 4,900க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அத்தனை வீடுகளில் யாரோ ஒருத்தி வாசலைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள்.

அந்தத் தேடலில்தான் வேரா டீக்கின் என்ற பெண்ணை அறிந்தேன். 1915 ஒக்டோபரில், 23 வயதில், அவர் கெய்ரோவில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழ் காயப்பட்டோரையும் காணாமற்போனோரையும் பற்றி விசாரிக்கும் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது லண்டனுக்கு மாறியது. பணியகத்தினர் வைத்தியசாலைகளில் படுத்திருந்த படையினரிடம் கட்டில் கட்டிலாகப் போய், "இவரைக் கண்டீர்களா? கடைசியாக எங்கே கண்டீர்கள்?" என்று கேட்டார்கள். கேட்டதை எழுதி வீட்டாருக்கு அறிவித்தார்கள். அப்படி 32,000க்கும் மேற்பட்ட கோவைகள் சேர்ந்தன. எல்லாத் தாய்மாருக்கும் முடிவு கிடைக்கவில்லை. ஆனால் கேட்டவளுக்கு யாரோ பதில் எழுதினார்கள்.

திரும்பி வந்ததும் இதை அம்மாவிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் சுளகை நிறுத்தினார்.

"பிரமிட்டிலை நிண்டு எடுத்த படத்திலை ஆர் ஆரெண்டு தெரியுமோ பிள்ளை?"

"நூறு வருசத்துக்குப் பிறகும் ஒவ்வொரு முகமாப் பேர் தேடியிருக்கினம் அம்மா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அண்ணாவைப் பற்றி எழுதி வைக்க அவர் ஒருநாளும் விட்டதில்லை. எழுதினால் அவன் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். படிவம் நிரப்ப வந்தவர்களிடம்கூடப் பெயரை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார். சமூகப் பணியாளராக எத்தனையோ வீடுகளில் நான் குறிப்பெடுத்திருக்கிறேன். என் வீட்டுக் கதையை மட்டும் எடுக்கவில்லை.

அன்று இரவு விளக்கை அணைத்த பிறகு அம்மாவே தொடங்கினார். "நீலக் கோடு போட்ட சேட்டு. பின்பக்கம் ஒரு பொத்தல், நான்தான் தைச்சுக் குடுத்தனான்." நான் எழுந்து விளக்கைப் போட்டுக் கொப்பியை எடுத்தேன். அவனைக் கடைசியாகக் கண்டவர் யார், எந்த இடம், என்ன சாப்பிட்டான் என்று இரண்டு மணிவரை சொன்னார். ஓரிடத்தில், "இதை எழுதாதை" என்றார். எழுதவில்லை. முடித்தபின் "அவன் வந்தால் இதைக் காட்டிச் சிரிப்பம்" என்றார். "ஓம் அம்மா" என்றேன்.

சகோதரிகளே, நாங்கள் இருந்த முகாம்களைப் பற்றியும் இப்படித்தான் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். எத்தனையாம் திகதி போனோம், பக்கத்துக் கூடாரத்தில் யார் இருந்தார்கள், யார் வந்து சேரவில்லை என்பதெல்லாம் எங்கள் நினைவில்தான் இருக்கிறது. ஒரு கொப்பி எடுங்கள். எழுத முடியாதவர் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எழுதுவது நம்பிக்கையைக் கைவிடுவதல்ல என்பதை என் அம்மாவிடம்தான் கற்றேன்.

அந்தக் கொப்பி இப்போது எங்கள் சாமிப்படத்தட்டில் இருக்கிறது. பின்பக்கங்களை அம்மா வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறார்.