மறதிக்கு ஒரு குறிப்பேடு

நேற்று மாலை வரை உடனிருந்து உழைத்த துணைவன் இன்று காலை நம்மை யாரென்றே அறியாது நின்றால் எப்படியிருக்கும்? செய்நிரல் எழுத உதவும் செயற்கை நுண்ணறிவின் இயல்பு இதுவே. ஓர் அமர்விற் பேசியவை அவ்வுரையாடலில் மட்டுமே தங்குகின்றன. அடுத்த அமர்வு வெறுமையிலிருந்து தொடங்குகின்றது. உரையாடல் மிக நீண்டாலோ, முற்பகுதி சுருக்கப்பட்டு நுட்பங்கள் நழுவிவிடும்.

இதற்கு மருந்து எழுத்தே. 2025 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கிளோட் கோட்’ என்னும் கருவி, ‘கிளோட்.எம்டி’ என்ற கோப்பை ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் வாசிக்கின்றது. நிலையான விதிகளுக்கு அக்கோப்புப் போதும். அன்றாட முன்னேற்றத்துக்கு வேறொரு குறிப்பு வேண்டும்.

செயற்றிட்டம் செய்யும் என் மாணவருக்கு நான் நான்கு வினாக்களைக் கொடுப்பதுண்டு. முடிந்தது எது? எஞ்சியது எது? இவ்வழியைத் தேர்ந்தது ஏன்? முயன்று கைவிட்டது எது? பின்னிரண்டுக்கும் விடை எழுதுவோர் சிலரே. முடிந்ததைச் செய்நிரலே காட்டும். கைவிட்டதற்கு அங்கே தடயமில்லை. ஆதலால், நேற்றுத் தோற்ற வழியையே புதிய அமர்வு இன்று உற்சாகத்தோடு முன்மொழியும்.

தாமே குறிப்பெழுதும் கருவிகளும் இன்று உள. எழுதட்டும், எனினும் அதனை வாசித்துத் திருத்துதல் மாணவன் கடனாகும். பிழையான குறிப்பும் மறுநாள் உண்மையென்றே கொள்ளப்படுமன்றோ? அன்றியும், ‘ஏன்’ என்ற வினாவுக்குத் தானே விடை எழுத இயலாத மாணவனிடத்தில், மறந்தது கருவி மட்டுமன்று.