மே மாத பாஸ்

தெற்கு ஒன்ராறியோ ஏரிகளில் தண்ணீர் 15 பாகை செல்சியஸை ஒட்டியதும் ஆண் பாஸ் மீன் ஆழத்தை விட்டுக் கரையோரம் வந்துவிடும். வாலால் அடித்து மண்டியை விலக்கி, சரளை தெரிய ஒரு வட்டக் குழி போடும். அதுதான் கூடு. பெண் வரும், முட்டையிடும், போய்விடும். மிச்சமெல்லாம் அப்பன் பாடு.

*

காவல் நாட்களில் அது சரியாகத் தின்பதில்லை, மெலிந்துபோகும். செட்டையை அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் பாய்ச்சுவதும், கிட்ட வரும் சன்ஃபிஷ்ஷைத் துரத்துவதும்தான் வேலை. குஞ்சுகள் பொரித்துப் பிரிந்து போகும்வரை சில வாரம் இப்படியே.

பிறகேன் தூண்டிலைக் கவ்வுகிறது? பசியால் அல்ல. கூட்டருகே வந்த எதுவும் அதற்கு எதிரி. போலரைஸ்டு கண்ணாடி போட்டுக் கூட்டைக் கண்டுபிடித்து, அதே குழிக்குள் திரும்பத் திரும்ப இரையைப் போட்டுச் சீண்டிப் பிடிப்பதைத் திறமை என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

*

"பிடிச்சாப் பிறகு விடுறம்தானே, என்ன நட்டம்?"

முள்ளைக் கழற்றி, நிறை பார்த்து, படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் நட்டம். ஈரி ஏரியில் ஆய்வாளர்கள் ஆண் ஸ்மால்மவுத் பாஸைக் கூட்டிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். ரவுண்ட் கோபி மீன்கள் விறுவிறுவென்று உள்ளே புகுந்து தின்னத் தொடங்கின. (கோபி கருங்கடல், காஸ்பியன் பக்கத்து மீன். கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் நீரோடு பேரேரிகளுக்கு வந்தது. முதலில் கண்ணில் பட்டது 1990இல்.) களைத்துத் திரும்பும் ஆண், முட்டை மிகவும் குறைந்திருந்தால் கூட்டையே கைவிட்டுவிடுவதும் உண்டு. மீன்பிடிப் போட்டிகளில் இன்னும் மோசம்: படகுத் தொட்டியிலேயே வைத்திருந்து, நிறுத்து முடித்து, எங்கோ ஒரு கரையில் விடுகிறார்கள்.

*

இல்லினாய் மாநிலத்து ரிட்ஜ் ஏரி. 1970களில் தொடங்கிய சோதனை. தூண்டிலில் அடிக்கடி மாட்டிய லார்ஜ்மவுத் பாஸ்களைத் தனியாகவும், மாட்டாதவற்றைத் தனியாகவும் மூன்று தலைமுறைக்கு இனம்பெருக்கினார்கள். மாட்டிக்கொள்ளும் குணம் பிள்ளைகளுக்கும் இறங்கியது. 2012இல் வந்த இன்னொரு முடிவுதான் என்னை உறுத்தியது: சுலபமாக மாட்டும் வம்சத்து ஆண்களே கூட்டை அதிகக் கருத்தாய்க் காத்தன. ஆக, வசந்தத்தில் நாம் சலித்தெடுப்பது நல்ல அப்பன்களை.

*

ஊர்க் குளத்து விராலும் இந்த ரகம். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் மேலே மொய்க்க, பெற்றது அடியில் நிற்கும். தவளையைக் கோத்துக் கூட்டத்தின் நடுவில் போடுகிறவர்கள் தெரிந்தேதான் போடுகிறார்கள்.

*

தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான ஏரிகளில் பாஸ் பருவம் திறப்பது ஜூன் மூன்றாவது அல்லது நான்காவது சனிக்கிழமை, வலயத்தைப் பொறுத்து. மூடிய காலத்தில், பிடித்து விடுவதற்கு என்றாலும், பாஸைக் குறிவைப்பது குற்றம். ஃபுளோரிடாவில் மூடும் காலமே இல்லை. அங்கே கோடை நீளம், குஞ்சு வளர அவகாசம் உண்டு. இங்கே பனிக்காலத்துக்குள் உடம்பு தேறியாக வேண்டும். அந்த ஊர் வீடியோவைப் பார்த்து இங்கே ஏரிக்குப் போகிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

*

மஞ்சள் பேர்ச் மீன் தேடிப் போகும்போது பாஸ் தானாக மாட்டுவதும் நடக்கும். முள்ளின் பின்கூரை முன்பே குறட்டால் நசுக்கி வைத்திருந்தால், மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றிவிடலாம். படம் வேண்டாம். அதே இடத்தில் அடுத்த வீச்சும் வேண்டாம். படகை ஆழத்துப் பக்கம் தள்ளிக்கொண்டு போனால் பேர்ச் அங்கேயும் கிடைக்கும்.