அமெரிக்க முந்திரிகைத் தோட்டங்களில் ஓர் உலா

வைன் என்றதும் பிரான்சும் இத்தாலியும் நம் நினைவுக்கு வருகின்றன. அமெரிக்கா என்றதும் வானளாவிய மாடங்களும் மோட்டார் வண்டிகளுமே வருகின்றன. ஆயினும், இன்று ஐக்கிய அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வைன் ஆக்கப்படுகின்றது என்பது பலர் அறியாத செய்தி. பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் காண நம்மவர் அந்நாட்டுக்குச் சென்றுவரும் இக்காலத்திலே, அங்குள்ள முந்திரிகைத் தோட்டங்களைப் பற்றி அறிந்திருத்தல் நன்று.

கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரைப் போற்றும் நாம், எவரையும் குடிக்கத் தூண்டுவதற்காக இதனை எழுதவில்லை. ஒரு பயிர் வேரூன்றிய வரலாறு மாணவர் அறியத்தக்கது. அருந்தும் வழக்கமுடையோருக்கு எது தேரத்தக்கது என்பதையும் ஆங்காங்கே கூறிச் செல்வோம்.

புகழ்பெற்ற பள்ளத்தாக்கு

கலிபோர்ணியாவிலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே நாப்பா என்னும் பள்ளத்தாக்கு உளது. நீளம் ஏறத்தாழ 30 மைல். அகலமோ ஒரு சில மைல்களே. பகலில் வெயில் காயும். இரவிலே கடற்பக்கத்திலிருந்து மூடுபனி ஊர்ந்து வந்து கொடிகளைக் குளிர்விக்கும். வெயில் பழத்துக்கு இனிமையையும், குளிர் புளிப்பையும் தருகின்றன. கலிபோர்ணியாவின் வைனில் நூற்றுக்கு நான்கு பங்கு மட்டுமே இங்கு விளைகின்றது. புகழிலே பெரும்பங்கு இதற்கே உரியது.

அப்புகழ் ஒரே நாளில் வந்தது என்று கூறினும் தவறில்லை. 1976 மே 24 ஆம் நாள் பாரிஸ் மாநகரிலே, போத்தல்களின் பெயர்களை மறைத்து ஒரு போட்டி நடத்தினர். சுவைத்துத் தீர்ப்பளித்தோர் பிரெஞ்சு நாட்டு வல்லுநர். செவ்வைனிலும் வெள்ளை வைனிலும் முதலிடம் பெற்றவை நாப்பாவின் போத்தல்களே! இங்குள்ள கபர்னே சோவினியோன் என்னும் செவ்வைன் பெயர்பெற்றது. விலையும் அதற்கேற்ப மிகுதி. பணத்தை எண்ணிச் செலவிடுவோர் சற்று உள்நாட்டுப் பக்கமாக உள்ள லோடைக்குச் சென்று, பழங்கொடிகளில் விளைந்த சின்பண்டலைத் தேரலாம். அமெரிக்காவுக்கே உரியதென நெடுங்காலம் கருதப்பட்ட இவ்வினத்தின் பிறப்பிடம் குரோவேசியா என்பதை 2001 இல் மரபணு ஆய்வு காட்டிற்று.

ஏரிக்கரையிலே

இனிக் கிழக்கே செல்வோம். நியூயோர்க் மாநிலத்திலே, விரல்களை நீட்டிவைத்தாற்போல 11 ஏரிகள் கிடக்கின்றன. விரல் ஏரிகள் என்றே அவற்றுக்குப் பெயர். பண்டைக்காலப் பனிப்பாறைகள் அகழ்ந்து சென்ற பள்ளங்கள் அவை. செனெக்கா ஏரியின் ஆழம் 600 அடிக்கும் மேல். கோடையில் ஏற்ற வெப்பத்தை இவ்வாழ்ந்த நீர் மாரியில் மெல்ல வெளிவிடுவதால், கரைச் சரிவிலுள்ள கொடிகள் கடுங்குளிருக்குத் தப்புகின்றன.

எனினும், ஐரோப்பிய முந்திரிகை இங்கே பிழைக்காது என்றே அனைவரும் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கையை மாற்றியவர் கொன்ஸ்ரன்ரின் பிராங் என்பவர். உக்ரேனில் முந்திரிகை ஆராய்ச்சி செய்த அவர், 1951 இல் ஐம்பது வயதைக் கடந்த நிலையில் நியூயோர்க்கில் வந்திறங்கினார். ஆங்கிலம் அறியாமையால் உணவுச்சாலையிலே கோப்பை கழுவினார். பின்னர் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலே தோட்டக் கூலிவேலை செய்தார். "உக்ரேனில் இதனினும் கொடிய குளிரில் நாம் வளர்த்தோமே" என்னும் அவர் வாதத்தைச் செவிமடுத்தோர் சிலரே. சார்ள்ஸ் பூர்னியே என்னும் பிரெஞ்சு வைன் வல்லுநர் ஒருவர் அவரை நம்பித் துணைநின்றார். குளிர் தாங்கும் வேர்களை நாடித் தேடி, அவற்றிலே ஐரோப்பியக் கிளைகளை ஒட்டினார் பிராங். 1962 இல் கியூக்கா ஏரிக்கரையிலே தமது சொந்த வைன்சாலையையும் நிறுவினார். அவர் வழியைப் பின்பற்றியே இன்று அக்கரைகள் பசுமை பூண்டுள்ளன. இங்கு ஆக்கப்படும் றீஸ்லிங் என்னும் வெள்ளை வைன் கூர்மையான புளிப்பும் மலர் மணமும் உடையது. இனிப்பற்றதும் உண்டு, இனியதும் உண்டு. காரமான கறிகளோடு இனியதே பொருந்தும்.

மிசூரியின் கொடை

நாட்டின் நடுவே பாய்வது மிசூரி ஆறு. அதன் கரையிலே 1837 இல் ஜேர்மன் மக்கள் ஹேர்மன் என்னும் ஊரை அமைத்தனர். கற்கள் மிகுந்த அச்சரிவுகள் தானியத்துக்கு ஏலா; முந்திரிகைக்கு ஏற்றன. நோர்ட்டன் என்னும் அமெரிக்க இனம் அங்கே செழித்தது. கருஞ்சிவப்பான அதன் வைன் வேறெங்கும் எளிதிற் கிடையாதது; அப்பக்கம் செல்வோர் தவறவிடலாகாதது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பிரான்சின் தோட்டங்கள் அழியலாயின. அமெரிக்கக் கொடிகளோடு கடல் கடந்து சென்ற பில்லொக்செரா என்னும் நுண்பூச்சி, வேரை உறிஞ்சிக் கொடியைக் கொன்றது. மாற்றும் அமெரிக்காவிலிருந்தே சென்றது. அப்பூச்சியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய அமெரிக்க வேர்களுக்கு அதனைத் தாங்கும் வலிமை இருந்தது. மிசூரியிலிருந்தும் ரெக்சாசிலிருந்தும் வேர்த்தண்டுகள் கப்பலேறின. பாரிஸ் வல்லுநர் பெருமையோடு பேசும் கொடிகளிற் பெரும்பாலானவை அமெரிக்க வேர்களின்மேல் நிற்பவையே.

ஊருக்கு உதவிய மிசூரிக்கு உள்நாட்டிலே துயர் காத்திருந்தது. 1920 முதல் 1933 வரை நிலவிய மதுவிலக்குச் சட்டத்தால் ஹேர்மனின் வைன்சாலைகள் மூடப்பட்டன. புகழ்பெற்ற ஸ்ரோன் ஹில் நிலவறைகளிலே வைனுக்குப் பதிலாகக் காளான் வளர்த்தனர். 1965 இலேயே ஓர் உழவர் குடும்பம் அங்கு மீண்டும் வைன் ஆக்கத் தொடங்கியது. மதுவிலக்கின் நோக்கம் நன்றே ஆயினும், தலைமுறைகளாகக் கற்ற தொழிலொன்றை இழந்த ஊர் மீண்டெழ எத்தனை காலம் செல்லும் என்பதையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1980 இலே, எல்லை வகுத்து அரசு ஏற்ற முதலாவது வைன் வட்டாரமாக மிசூரியின் ஒகஸ்ராவே பெயர்பெற்றது. நாப்பாவும் அதற்குப் பிற்பட்டதே.

வேறு சில

வடமேற்கே ஒறிகன் மாநிலத்தின் வில்லமெற் பள்ளத்தாக்கிலே டேவிட் லெற் என்பவர் 1965 இல் பினோ நுவார் கொடியை நட்டார். மழையும் குளிரும் மிக்க இடத்திலே பழம் முற்றாது எனப் பலர் எச்சரித்தனர். 1979 இலே பாரிசில் நடந்த போட்டியொன்றில் அவர் வைன் முதற் பத்தினுள் இடம்பெற்றது. மென்மையான செவ்வைனை விரும்புவோருக்கு இது உகந்தது. ரெக்சாசின் உயர்சமவெளியிலே ஸ்பானிய நாட்டுத் தெம்பிரானில்லோவும், வேர்ஜினியாவிலே வியோன்யேயும் இன்று நன்கு விளைகின்றன. அதே வேர்ஜினியாவிலே ஜனாதிபதி ஜெபர்சன் ஐரோப்பியக் கொடிகளை வளர்க்கப் பலமுறை முயன்றும் பயன் கண்டிலர்.

வைன் அருந்தாத நம்போன்றோருக்கும் அங்கு விருந்துண்டு. மசசூசெற்சின் கொன்கோட் என்னும் ஊரிலே தோன்றிய கருமுந்திரிகையின் சாற்றை, புளித்து மதுவாகாதவாறு சூடாக்கிப் போத்தலிலடைக்கும் முறையை 1869 இல் தோமஸ் வெல்ச் என்பவர் கண்டார். சிறுவரும் பருகலாம்.

தோட்டக்காரரின் கவலை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2020 இலே நாப்பாவைச் சூழ்ந்த காட்டுத்தீயின் புகை பழங்களிலே படிந்தமையால், அவ்வாண்டில் செவ்வைனே ஆக்காது விட்டோர் பலர். ஆகவே அங்கு செல்வோர் பெரும் பெயர்களை மட்டும் நாடாது, ஹேர்மன், கியூக்கா போன்ற சிற்றிடங்களையும் கண்டு வருக. ஒரு போத்தல் வாங்காவிடினும், தோட்டக்காரரோடு சிறிது நேரம் உரையாடி வருக. மண்ணைப் பற்றி அவர்கள் கூறுவதைக் கேட்பதே நம் கமக்காரக் குடும்பங்களுக்குப் பயன்தரும்.